திரும்பும்போது ‘டக் டக்’ சத்தமா? சிவி ஜாயின்ட்டை நீங்களே சோதிக்கலாம்

யு-டர்ன் அடிக்கும்போது முன் சக்கரத்தில் ‘டக் டக் டக்’ என்று கேட்கிறதா? வேகம் கூடக் கூடச் சத்தமும் நெருக்கமாகிறதா? பெரும்பாலும் அது சிவி (constant velocity) ஜாயின்ட்தான்: சக்கரத்தைச் சுற்றும் ஆக்ஸில் தண்டின் முனையில் இருக்கும், வளைந்தாலும் ஒரே வேகத்தில் சுழலும் மூட்டு. சோதிக்க ஒரு டார்ச்சும் அரை மணி நேரமும் போதும். அதற்கு முன் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

முன் சக்கரம் இழுக்கும் கார்களில், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு ஆக்ஸில் போகிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும், ஸ்டீயரிங்குக்குத் திரும்பவும் வேண்டும். லாரிகளில் இருக்கிற சிலுவை ஜாயின்ட் இதற்குச் சரிப்படாது. அதை 30 டிகிரி வளைத்தால், கியர்பாக்ஸ் பக்கம் சீராகச் சுற்றினாலும் சக்கரத்துப் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் சுமார் 15 சதவீதம் கூடி, 13 சதவீதம் குறையும். வண்டி உதறும்.

1920-களில் ஆல்ஃபிரட் ரெசெப்பா உருவாக்கிய ஜாயின்ட் இதைத் தீர்த்தது. இன்றும் சக்கரத்துப் பக்கம் பெரும்பாலும் அந்த வகைதான். வெளியே ஒரு கிண்ணம், அதற்குள் நட்சத்திரம் போல ஒரு துண்டு, இரண்டிலும் வெட்டிய தடங்களுக்கு நடுவே ஆறு பால்ரஸ் குண்டுகள். ஆக்ஸில் எந்தக் கோணத்தில் வளைந்தாலும், குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டு அந்தக் கோணத்தின் சரிபாதியில் நிற்கும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன.

தேய்மானமும் இங்கேயே தொடங்குகிறது. ஜாயின்ட் வளைந்திருக்கும்போது ஒவ்வொரு குண்டும் சுற்றுக்கு ஒரு முறை தன் தடத்தில் முன்னும் பின்னும் போய்வரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இது நொடிக்கு ஏறக்குறைய ஒன்பது முறை. கிரீஸ் இருக்கும்வரை கவலையில்லை. அந்தக் கிரீஸைக் காப்பது மடிப்பு மடிப்பான ரப்பர் பூட் ஒன்றுதான். அது கிழிந்தால் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறிக்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் ஐப்பசி மழையில் தேங்கும் தண்ணீரும் மணலும் உள்ளே புகுந்துவிடும்.

புதுப்பேட்டைக் கடை ஒன்றில் கழற்றிப் போட்ட ஜாயின்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி போல இருக்க வேண்டிய தடத்தில் கடுகு அளவுக் குழிகள். குண்டு அந்தக் குழியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு ‘டக்’.

சரி, சோதனைக்கு வருவோம். முதலில், சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்துவிட்டு இன்ஜினை அணையுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தால் பூட் தெரியும். வெடிப்பு பெரும்பாலும் மடிப்பின் பள்ளத்தில் ஒளிந்திருக்கும். விரலால் விரித்துப் பாருங்கள். ரிம்மின் உள்பக்கம் கறுப்பாகத் தெறித்த கிரீஸ் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். அதில் ஒரு துளியை விரல்களுக்கிடையே தேயுங்கள். கறுப்பு என்பதால் பயப்பட வேண்டாம், புதிய கிரீஸே அந்த நிறம்தான். நறநறவென்றால்தான் மணல் கலந்துவிட்டது. இவ்வளவுக்கும் வண்டியைத் தூக்க வேண்டியதில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது.

அடுத்து, காலி மைதானத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் வந்தால் பெரும்பாலும் வலப்பக்க ஜாயின்ட். திரும்பாமல் நேராகப் போய், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வண்டி அதிர்ந்தால், கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயின்ட்டைச் சந்தேகப்படலாம். அது பெரும்பாலும் மூன்று உருளைகள் கொண்ட வேறு வகை.

பூட் கிழிந்து சத்தம் இன்னும் வராவிட்டால் அன்றே வொர்க்‌ஷாப்புக்குப் போங்கள். ஜாயின்ட்டைக் கழுவிப் பார்த்து, தடம் நன்றாக இருந்தால் பூட் கிட் (புதிய பூட், கிரீஸ், அதை இறுக்கும் கிளாம்ப்) மாற்றினால் போதும். சத்தம் வந்தபின் கிரீஸ் அடைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். குழி விழுந்த இரும்பு ஆறாது. ஜாயின்ட்டையோ முழு ஆக்ஸிலையோ மாற்றத்தான் வேண்டும். அப்புறம், கழற்றிய ஆக்ஸில் நட்டுக்குப் பதில் புதியதைப் போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து டார்ச்சோடு மறுபடி உட்கார்ந்து, பூட் முனைகளை இறுக்கும் இரண்டு கிளாம்ப் ஓரங்களையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறை படிந்தால் கிளாம்ப் சரியாக இறுகவில்லை.