மகவை இழந்த தாயிடம் நாம் செய்யும் தவறுகள்

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 30 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற நான், புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி அளிக்க அவ்வப்போது அழைக்கப்படுகிறேன். சென்ற முறை ஓர் இளம் செவிலியர், "குழந்தை விடியற்காலையில் இறந்துவிட்டது, அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, வீட்டார் வேண்டாம் என்கிறார்கள்" என்று இயல்பாகச் சொன்னபோது, நான் இளவயதில் செய்த அதே தவறு கண்முன் வந்து நின்றது. "இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம்" என்று சொல்லக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை இங்கே விளக்கப் போவதில்லை.

தாயிடம் மறைப்பது

29 வாரத்தில், ஆயிரம் கிராமுக்குச் சற்று மேலான எடையுடன் ஓர் ஆண் குழந்தை எங்களிடம் வந்தது. தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறியதால் அறுவை சிகிச்சை செய்து எடுத்திருந்தார்கள். அவள் மேல்தளத்தில் படுத்திருந்தாள். நான்காம் நாள் இரவு குழந்தை இறந்தது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பச்சை உடம்புக்காரிம்மா, தாங்க மாட்டா, தையல் பிரிக்கிற வரைக்கும் சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். நான் தலையசைத்தேன். தகப்பனும் பெரியவர்களும் உடலைத் துணியில் சுற்றி வாங்கிச் சென்று அடக்கம் செய்துவிட்டார்கள்.

அடுத்த இரண்டு நாளும் அந்தத் தாய் பால் பீய்ச்சி, எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி, தவறாமல் கொடுத்தனுப்பினாள். நான் அதை வாங்கிக்கொண்டு, தொட்டியில் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவித் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து, அதே வார்மரில் (குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் படுக்கையில்) வேறொரு குழந்தை கிடப்பதைப் பார்த்தாள். அழவில்லை. "அப்போ என் பாலை என்ன பண்ணினீங்க சிஸ்டர்?" என்றுதான் கேட்டாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. ஆகவே வார்டிலேயே காட்டாவிட்டால், அந்தத் தாய் தன் பிள்ளையின் முகத்தை ஒருபோதும் காணப் போவதில்லை. வீட்டார் தீய எண்ணத்தில் கேட்பதில்லை. அவர்களைக் கடிந்துகொள்ளாமல், "மருத்துவரோடு நீங்களும் பக்கத்தில் இருங்கள், சேர்ந்தே சொல்வோம்" என்று அழைத்துச் செல்லுங்கள். "சீரியஸ்" என்று இழுக்காமல் "இறந்துவிட்டான்" என்றே சொல்லுங்கள். குழாய்களை எடுத்து, உடலைத் துடைத்து, சட்டையும் தொப்பியும் போட்டு அவள் மடியில் கொடுங்கள்; நடக்க முடியாவிட்டால் சக்கர நாற்காலியில் அழைத்து வாருங்கள். மணிக்கட்டுப் பட்டை, மையில் எடுத்த பாத அச்சு, இவற்றை வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றாலும் ஓர் உறையிலிட்டு வைத்துக்கொண்டு, எங்களிடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லிவையுங்கள். பல மாதங்கள் கழித்து அதற்காகவே வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாலைப் பற்றிப் பேசாமல் அனுப்புவது

குழந்தை இறந்தாலும் பால் சுரக்கும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்லாததால், வீட்டில் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சலோடு திரும்பி வருகிறார்கள். வலி தணியும் அளவுக்கு மட்டும் பீய்ச்சலாம், குளிர்ந்த துணி வைக்கலாம். மல்லிகைப் பூ வைத்துக் கட்டும் வழக்கம் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். பாலை வற்றச் செய்யும் கேபர்கோலின் மாத்திரையைப் பேறுகால இரத்த அழுத்தம் இருந்த பெண்ணுக்குக் கொடுக்கலாகாது என்பதை நினைவில் வையுங்கள்.

கங்காரு பராமரிப்பைத் தள்ளிப்போடுவது

1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் தொடங்கிய முறை இது; குழந்தையைத் தாயின் வெற்று மார்பில், தோலோடு தோல் படும்படி அணைத்து வைப்பது. தானே மூச்சுவிட இயலாத, செயற்கைச் சுவாசம் தேவைப்படும், அல்லது இரத்த ஓட்டம் குன்றிய அதிர்ச்சி நிலையில் (ஷாக்) உள்ள குழந்தைகள் நீங்கலாக, மற்றவர்களுக்குப் பிறந்தவுடனேயே தொடங்கலாம் என்றும், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை தொடரலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. ஆனாலும் "எடை ஏறட்டும்" என்று நாம் காத்திருக்கிறோம். பிழைக்கும் பிள்ளைக்கு அது மருந்து. பிழைக்காத பிள்ளையின் தாய்க்கு, மார்பில் கிடந்த அந்தச் சில மணி நேரம்தான் அவளிடம் எஞ்சும்.

"எட்டு மாசம் தங்காது" என்ற பேச்சை வார்டில் அனுமதிப்பது

ஏழு மாதத்தைவிட எட்டு மாதத்தில் பிறந்த குழந்தைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம். உடனே மறுத்துச் சொல்லுங்கள்.

இரட்டையரில் ஒன்றை இழந்தவளிடம் "அதுதான் ஒன்று இருக்கிறதே" என்பது

சொல்லாதீர்கள்.

நவம்பர் 17

உலகக் குறைமாதக் குழந்தைகள் நாளில், வீடு திரும்பிய குழந்தைகளை அழைத்துப் படம் எடுக்கிறோம். இறந்த குழந்தைகளின் பெற்றோரையும் தனியே தொலைபேசியில் கேட்டு, விரும்பினால் வரச் சொல்லுங்கள்.

பெயர் கேட்காமல் விடுவது

சில நிமிடங்களே உயிரோடு இருந்தாலும், அந்தக் குழந்தையின் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். "எதற்கு" என்று குடும்பத்தார் தயங்கினால், இரண்டு சான்றிதழ்களும் அவர்கள் பிள்ளைக்கு உரியவை என்று விளக்குங்கள். நம் கோப்புகளில் "பேபி ஆஃப் இன்னார்" என்றே எழுதிப் பழகிவிட்டதால், வீட்டில் பெயர் வைத்துவிட்டார்களா என்று கேட்கவே நமக்குத் தோன்றுவதில்லை. படிவத்தை நிரப்பும்போது தகப்பனிடம் மட்டும் கேட்காமல், மேல்தளத்துக்கு ஏறிப் போய்த் தாயிடமும் கேளுங்கள்.