அக்டோபர் ஓடையில் ட்ரவுட்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

அட்லாண்டாவிலிருந்து காலையில் கிளம்பினால் மூன்று மணி நேரத்தில் ஸ்மோக்கி மலையடிவாரத்துக்குப் போய்விடலாம். அக்டோபரில் நம் ஆட்கள் அங்கே போவது இலை நிறம் மாறுவதைப் பார்க்க, நான் போவது ட்ரவுட் என்ற குளிரோடை மீனைப் பிடிக்க. முதல் இரண்டு இலையுதிர் காலமும் ஏறக்குறைய வெறுங்கையோடுதான் திரும்பினேன். ஏப்ரலில் அதே ஓடையில் தாராளமாகக் கடித்த மீன் அக்டோபரில் ஏன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று ஃப்ளையை, அதாவது முள்ளில் கட்டிய பொய்ப்பூச்சியை மாற்றினேன், அதை லைன் என்ற தூண்டில் நூலோடு இணைக்கும் லீடரை மாற்றினேன், ஒரு பெட்டி நிறையப் புது ஃப்ளைகள் வாங்கினேன். கடைசியில் பார்த்தால் தப்பு முழுக்க என் நடையில்.

தென் அப்பலாச்சியன் மலைகளில் வருடத்திலேயே மழை குறைவான காலம் பெரும்பாலும் இதுதான். ஏப்ரலில் முழங்காலுக்கு மேல் நுரைத்து ஓடிய இடத்தில் இப்போது கணுக்கால் அளவு தண்ணீர், அதுவும் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம் போலத் தெளிவு. மீன் தெரிகிறதே என்று நாம் சந்தோஷப்படுகிற அந்த நொடியில் மீனும் நம்மைப் பார்த்துவிட்டிருக்கும். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேலே சுமார் 97 டிகிரி விரிந்த ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஒளி விலகல்தான் காரணம். தரையோடு தரையாக இருப்பது அந்த ஜன்னலின் ஓரத்தில் நசுங்கி மங்கலாகத் தெரியும். கரையில் நெட்டையாக நிமிர்ந்து நிற்கிற ஆள், அதிலும் வெள்ளைச் சட்டையோ சிவப்புத் தொப்பியோ போட்டவர், நன்றாகவே தெரிவார். ஆகவே குனிய வேண்டும், பாறைக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும், சில இடங்களில் முழங்காலில் தவழ வேண்டும். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்தான். சிரிக்கட்டும்.

அடுத்தது திசை. காரை நிறுத்திவிட்டு, இறங்குவதற்குச் சுலபமான இடத்தில் இறங்கி, தண்ணீர் போகிற பக்கமாகவே நடப்பது எல்லோருக்கும் இயல்பாக வரும். ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்து நின்றுதான் இரை எதிர்பார்க்கும், அதனால் மேலிருந்து இறங்கி வரும் நீங்கள் நேரே அதன் முகத்துக்கு முன்னால் வருகிறீர்கள். கீழிருந்து மேலே போனால் அதன் முதுகுப் பக்கமாக நெருங்கலாம். அப்படி நெருங்கும்போதும் ஒரு மடு கண்ணில் பட்டவுடன் ஆழமான நடுப்பகுதிக்கு ஃப்ளையை வீசத் துடிக்கும் கை. மடுவின் வால்பகுதியில், தண்ணீர் மெலிந்து வழிகிற இடத்தில், ஒரு சின்ன மீன் நிற்கும். அதுதான் ஊர்க் காவல்காரன். அதைக் கவனிக்காமல் மிதித்துக்கொண்டு போனால் அது மேலே பாய்ந்து ஓடும், அதைப் பார்த்து மடுவே காலியாகும். வாலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முழமாக மேலே வீசிப் போவதுதான் சரி. கரையிலிருந்தே எட்டுகிற இடத்துக்காகத் தண்ணீரில் இறங்கவும் வேண்டாம், சரளைக்கல் நொறுங்குகிற அதிர்வை ட்ரவுட் உடம்பின் பக்கவாட்டிலேயே உணர்ந்துவிடும்.

ஊரில் தக்கையும் மண்புழுவும் வைத்துக் கெண்டை பிடித்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்மோக்கி தேசியப் பூங்காவுக்குள் எந்த இயற்கை இரையும் கூடாது. மண்புழு, மக்காச்சோளம், மீன்முட்டை எதையும் கையில் வைத்திருக்கவே கூடாது, ஒற்றை முள் உள்ள செயற்கை ஃப்ளையோ, லூர் என்ற பொய் இரையோ மட்டும்தான். உரிமம் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி: டென்னசி, வட கரோலினா இரண்டில் எந்த மாநில உரிமம் இருந்தாலும் பூங்கா முழுக்கச் செல்லும். ஆனால் பூங்கா எல்லையைத் தாண்டி செரோக்கி பழங்குடியினரின் நிலத்துக்குள் அதே ஆறு ஓடினாலும் அங்கே அவர்களுடைய தனி அனுமதிச் சீட்டு வேண்டும், காட்லின்பர்க் ஊருக்குள்ளும் அப்படித்தான். ஓடை ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டு நடந்துகொண்டே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கோடையில் விடியற்காலையில்தான் மீன் கடிக்கும், அந்தப் பழக்கத்தை அப்படியே அக்டோபர் கடைசிக்கும் கொண்டுபோவது இன்னொரு தவறு. நானும் இருட்டோடு எழுந்து, கை விறைத்து, முடிச்சுப் போடக்கூட முடியாமல் நின்றிருக்கிறேன். இரவில் குளிர்ந்த தண்ணீர் 7, 8 டிகிரி செல்சியஸில் கிடக்கும்போது ட்ரவுட் அடியில் சோம்பிக் கிடக்கும். 10 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் பூச்சிகளும் அசையும், மீனும் அசையும். பத்து மணிக்கு மேல் போய் மாலை நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள், வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம். ஒரு சின்னத் தெர்மாமீட்டர் பையில் இருந்தால் இந்த ஊகமெல்லாம் தேவையில்லை.

சரி, சருகு. காற்று ஒரு தடவை வீசினால் ஓடை முழுக்க மஞ்சளும் சிவப்புமாக மிதக்கும், ஒவ்வொரு வீச்சுக்கும் முள்ளில் ஓர் இலை மாட்டும், எரிச்சலில் பலர் மூட்டை கட்டிவிடுவார்கள். மடுவுக்குள் விழுந்த சருகு சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்கும், பாறைகளுக்கு நடுவே வேகமாக இறங்குகிற பகுதியில் அடித்துக்கொண்டு போய்விடும். எனவே இடத்தை மாற்றினால் போதும். உயரத்தில் மரங்கள் முன்பே இலையை உதிர்த்து முடித்திருக்கும் என்பதால் இன்னும் மேலே ஏறுவதும் ஒரு வழி. அப்புறம், சருகால் ஓர் உபகாரமும் உண்டு. ஃப்ளை எந்த இழுப்பும் இல்லாமல் தண்ணீரோடு வர வேண்டும் என்பது இந்தக் கலையின் முதல் பாடம், ஆனால் இழுபடுகிறதா என்பது புதியவர் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் மிதக்கும் சருகைப் பாருங்கள். அதைவிட உங்கள் ஃப்ளை வேகமாகப் போனாலோ பின்தங்கினாலோ, இடையில் ஓடும் வேறு ஓட்டம் லைனைப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். கோலை உயர்த்தி, முடிந்தவரை லைன் தண்ணீரில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளையைக் கட்டுகிற கடைசி மெல்லிய நூலான டிப்பெட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வசந்தத்தில் 4 எக்ஸில் தப்பித்துவிடலாம், இந்தத் தெளிவில் 5 எக்ஸ் அல்லது 6 எக்ஸ், அதாவது கிட்டத்தட்ட 0.15 மில்லிமீட்டரும் அதைவிட மெலிந்ததும். ஊரில் தங்கூசி என்போமே, அதிலேயே மிகச் சன்னமான ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளை எது என்பதற்கு நான் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. 16ஆம் எண் பாரசூட் ஆடம்ஸ் என்ற ஃப்ளை பாதி நாளை ஓட்டிவிடும், கேடிஸ் என்ற ஆரஞ்சு நிறப் பெரிய பூச்சி வெளிவரும் மாதம் என்பதால் 10 அல்லது 12இல் ஒரு ஸ்டிமுலேட்டர் ஃப்ளை, முதல் உறைபனி விழும்வரை கறுப்பு எறும்பு மாதிரி ஒரு ஃப்ளை. தூறல் போடும் மப்பான மதியத்தில் மட்டும் ப்ளூ விங்டு ஆலிவ் என்ற பொடிப்பூச்சி கிளம்பும், அன்றைக்கு 18, 20க்கு இறங்கவில்லையென்றால் மீன் உங்களைச் சுற்றியே சாப்பிட்டுக்கொண்டு உங்களை மதிக்காமல் இருக்கும். எண் கூடக்கூட முள் சிறிதாகும், முதல் தடவை வாங்கும்போது நான் தலைகீழாகப் புரிந்துகொண்டு வாங்கினேன்.

இதுவரை சொன்னதில் தவறு செய்தால் உங்களுக்கு மீன் கிடைக்காது, அவ்வளவுதான். இனிமேல் சொல்வதில் தவறு செய்தால் ஓடைக்கே நஷ்டம். இந்த மலைக்குச் சொந்தமான ட்ரவுட் ஒன்றே ஒன்று, ப்ரூக் ட்ரவுட். மலைவாசிகள் அதை ஸ்பெக் என்பார்கள். முதுகில் புழு நெளிந்தது போன்ற கோடுகள், அடித்துடுப்புகளின் முன்விளிம்பில் வெள்ளைக் கோடு, இலையுதிர் காலத்தில் ஆணின் வயிறு மாம்பழ நிறத்துக்கு வந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரம் வெட்டி மலையை மொட்டையடித்தபோது இதன் ஓடைகள் கெட்டன, பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ரெயின்போ, ப்ரவுன் என்ற வேறு ட்ரவுட் வகைகள் மிச்சத்தைப் பிடித்துக்கொண்டன, இப்போது பெரும்பாலும் உயரத்து ஓடைகளில்தான் இருக்கிறது. ரெயின்போ வசந்தத்தில் முட்டையிடும். ப்ரூக், ப்ரவுன் இரண்டும் இலையுதிர் காலத்தில்.

பெண் மீன் வாலால் சரளையைத் தள்ளி ஒரு குழி பறிக்கும், முட்டையிட்ட பிறகு மேலே சரளையால் மூடிவிடும். ரெட் என்று இதற்குப் பெயர். சுற்றியுள்ள கற்களெல்லாம் பாசி படிந்து பழுப்பாக இருக்க, இது மட்டும் கழுவித் துடைத்த மாதிரி வெளிறித் தெரியும், தாம்பாளம் அளவிலிருந்து அதைவிடப் பெரிதாகவும். மடுவின் வால்பகுதியில், ஆழம் குறைந்து தண்ணீர் சீராக வழியும் இடத்தில் பாருங்கள். நாம் ஓடையைக் கடக்கத் தேர்ந்தெடுப்பதும் அதே இடம்தான், காலுக்குச் சௌகரியமாக இருக்கும் என்று! ஒரு மிதியில் எத்தனையோ முட்டைகள் நசுங்கிவிடும். முட்டை குளிர்காலம் முழுக்க அந்தச் சரளைக்குள்ளேயே கிடக்கும், ஆகையால் டிசம்பரிலும் ஜனவரியிலும் மீன் அங்கே இல்லையே என்று மிதிக்கக் கூடாது. கடக்க வேண்டியிருந்தால் பெரிய பாறைகள் கிடக்கும் இடத்தில் கடந்து போங்கள்.

நவம்பர் தொடக்கத்தில் பூங்காவின் லிட்டில் ரிவர் என்ற ஆற்றில், வருடம் முழுக்க ஒளிந்திருக்கும் பெரிய ப்ரவுன் ட்ரவுட் வெளியே வந்து ஆழமில்லாத சரளையில் ஜோடியாக நிற்கும். முழங்கை நீள மீனைக் கண்முன்னே பார்த்துவிட்டுக் கோலைக் கீழே வைப்பது கஷ்டம்தான். இருந்தாலும் முட்டையிட நிற்கிற மீனின் மூக்குக்கு முன்னால் முள்ளை ஆட்டிப் பிடிப்பதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாரங்களில் நான் வேகமான ஓட்டத்தில் ரெயின்போவைத் தேடிப் போகிறேன்.

பிடித்த மீனைக் கரையில் சிவப்பு இலைகளின் மேல் கிடத்திப் படமெடுக்கும் ஆசையும் இந்த மாதத்துக்கே உரியது. காய்ந்த சருகு மீன் தோலின் மேல் இருக்கும் வழவழப்பை உரித்துவிடும், பிறகு தொற்று வரும். கையை நனைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள், முள்ளின் நுனியில் பின்னோக்கி இருக்கும் சிறு கொக்கியை முன்பே குறட்டால் நசுக்கிவிட்டால் நொடியில் வந்துவிடும். பிள்ளைகள் கூட வந்திருந்தால் கல்லை அடுக்கி அணை கட்ட விடாதீர்கள். பூங்காவில் அது சட்டப்படி குற்றம், அந்தக் கற்களுக்கு அடியில்தான் ஹெல்பெண்டர் என்ற, இரண்டடி வரை வளரும் சாலமாண்டர் குடியிருக்கிறது.

கடைசியாக உங்கள் எலும்பு. ஈரப் பாறையின் மேல் ஈர இலை என்பது எண்ணெய் தடவிய சோப்பு. போன வருடம் அப்படி ஒன்றை மிதித்து இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தேன், ஜீன்ஸ் போட்டிருந்தேன், கார் ஒன்றரை மைல் தள்ளி இருந்தது, அங்கே போய்ச் சேர்வதற்குள் பல் கிட்டித்துவிட்டது. பருத்தித் துணி வேண்டாம், ஒரு கைத்தடி இருக்கட்டும், மாற்றுத் துணி காரில் இருக்கட்டும். காரில் பார்க்கிங் சீட்டும் இருக்கட்டும், 2023 மார்ச் முதல் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால் அது கட்டாயம், ஒரு நாளைக்கு 5 டாலர். பூங்காவின் கேட்டலூச்சி பள்ளத்தாக்குப் பக்கம் போகிறவர்கள் மாலையில் புல்வெளி வழியாகக் குறுக்கே நடந்து திரும்பாதீர்கள், எல்க் மான்களின் இணைசேரும் காலம், கொம்போடு நிற்கிற ஆண் எல்க்குக்கு உங்கள் கையில் இருப்பது மீன்கோல் என்றெல்லாம் தெரியாது.