நீலகிரி வகுப்புப் போர்க்கப்பல்களின் பணி வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

மதுரைப் பக்கம் பள்ளிக் கண்காட்சிக்காகவோ, வீட்டுப் பெரியவர் வேலை பார்த்த கப்பலைப் பற்றி எழுதவோ விவரம் தேடுகிறவர்கள் முதலில் சறுக்குவது பெயரில்தான். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதுபோல, கடற்படையும் ஓய்வுபெற்ற கப்பலின் பெயரைப் புதுசுக்கு வைக்கிறது. கப்பலின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணும் கூடவே வருகிறது. 1972-இன் நீலகிரியும் எஃப் 33, 2025 ஜனவரி 15-இல் சேர்ந்த நீலகிரியும் எஃப் 33. ஆகவே பெயர், எண், படையில் சேர்ந்த தேதி மூன்றையும் எப்போதும் சேர்த்தே எழுதுங்கள்.

லாங் சைஸ் நோட்டில் கப்பலுக்கு ஒரு பக்கம். நான்கு கட்டங்கள் போதும்: நீரில் இறங்கியது, படையில் சேர்ந்தது, விடைபெற்றது, பிறகு என்ன ஆனது. வகுப்பு என்றால் ஒரே வடிவமைப்பில் கட்டிய கப்பல்களின் தொகுதி. பழைய நீலகிரி வகுப்பில் ஆறு ஃப்ரிகேட்டுகள், அதாவது நடுத்தர அளவுப் போர்க்கப்பல்கள். பிரிட்டனின் லியாண்டர் வடிவமைப்பில் மும்பையின் மசகான் டாக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டியவை. சேர்ந்த தேதிகள்: நீலகிரி 3.6.1972, ஹிம்கிரி 23.11.1974, உதயகிரி 18.2.1976, துனகிரி 5.5.1977, தாராகிரி 16.5.1980, விந்தியகிரி 8.7.1981.

முதல் இரண்டு கட்டங்களைக் குழப்பினால் வரலாறே மாறிவிடும். நீலகிரி 1968 அக்டோபரில் நீரில் இறங்கியது. அதையே பணித் தொடக்கமாக எடுத்துக்கொண்டு 1971 போரிலும் அதைச் சேர்த்துவிடுகிறார்கள். போர் முடிந்து ஐந்து மாதத்துக்குப் பிறகுதான் அது படைக்கே வந்தது. அந்தப் போரில் மூழ்கிய நம் கடற்படைக் கப்பல் குக்ரி வேறு வகுப்பு.

கடைசிக் கட்டங்களிலும் கவனம் வேண்டும். விந்தியகிரி 2011 ஜனவரி 30 அன்று மும்பைத் துறைமுகத்தில் சரக்குக் கப்பலோடு மோதித் தீப்பிடித்தது, மறுநாள் மூழ்கியது. முறைப்படி விடைபெற்றது 2012 ஜூனில். இரண்டு தேதியும் இருக்கட்டும். நீலகிரி 1996-இல் ஓய்வுபெற்று, 1997-இல் ஏவுகணைப் பயிற்சிக்கு இலக்காகி மூழ்கியது.

படத்தில் எண் தெரியவில்லையா, பின்பக்கம் பாருங்கள். தாராகிரியும் விந்தியகிரியும் கனமான சீ கிங் ஹெலிகாப்டருக்காக மாற்றிக் கட்டப்பட்டவை. ஹெலிகாப்டர் நிற்கும் கூடம் அவற்றில் பெரிது.

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து முன்னாள் கடற்படையினரிடம் ஆண்டை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "ஐயா, கப்பல்ல என்ன ஹெலிகாப்டர் இருந்துச்சு?" என்றும் கேளுங்கள், பெரும்பாலும் அது ஆண்டைவிடத் தெளிவாக நினைவிருக்கும். கப்பல் சேர்வதற்கு முந்தைய ஆண்டை அவர் சொன்னால் தப்பு என்று அடித்துவிட வேண்டாம். புதுக் கப்பலின் முதல் அணியைக் கட்டுமானத் தளத்துக்கே முன்கூட்டி அனுப்புவார்கள். ஓய்வுபெறும்போது அவருக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அதன் நகலைச் சார்ட்டில் ஒட்டுவதானால் பணி எண்ணை மறைத்துவிட்டு ஜெராக்ஸ் எடுங்கள்.