கருத்துக் கட்டுரையும் மதிப்புரையும்: செட்டிநாட்டு வகுப்பறையில் கற்பிக்கும் முறை

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் நூல் மதிப்புரைக்கெனத் தரப்படும் தலைப்பு, மையப்பொருள், வெளிப்படும் கருத்து, நூலின் நயம், கட்டமைப்பு முதலிய குறிப்புகளை மாணவர்கள் விண்ணப்பப் படிவத்தைப் போல நிரப்பிவிடுகிறார்கள். ‘நடை எளிமையாக உள்ளது, அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டும்’ என்ற வரி எந்த நூலுக்கும் பொருந்துவதால், அது எந்த நூலைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. மாணவரிடம் தீர்ப்பு இருக்கிறது. அதற்குரிய காரணம் தாளில் இல்லை. அந்தக் காரணத்தை எழுத்தில் கொண்டுவரப் பழக்குவதே ஆசிரியரின் முதல் வேலை என்று உறுதியாகக் கருதுகிறேன்.

ஆகவே நூலிலிருந்து தொடங்க வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டைப் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பணியாரத்தைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு ஒரு மதிப்புரை எழுதச் சொல்லுங்கள். ஆனால் ‘அருமை’, ‘சுவை’, ‘சூப்பர்’ ஆகிய சொற்கள் முதல் வரைவில் வரக்கூடாது என்று நிபந்தனை விதியுங்கள். சற்றுத் திணறிய பிறகு, பச்சரிசியும் உளுந்தும் சேர்ந்த மாவு சிவக்காமல் வெண்மையாக வெந்திருந்ததா, உள்ளே மென்மை இருந்ததா, விரலில் எண்ணெய் ஒட்டியதா, தொட்டுக்கொண்ட காரச் சட்னி அதற்கு இணங்கியதா என்று அவர்களே எழுதத் தொடங்குவார்கள். நல்ல பணியாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதை வீட்டில் ஆயாவிடமோ ஆத்தாவிடமோ கேட்டு ஒரு பத்தியில் எழுதிவரச் செய்தால், அளவுகோல் என்றால் என்ன என்பது விளக்கமின்றியே புரிந்துவிடும். இப்பயிற்சிக்கு முழுதாக இரண்டு பாடவேளைகளை ஒதுக்கத் தயங்க வேண்டாம்.

பிறகு நூலுக்கு வரலாம். இந்நூல் எதைச் செய்ய முயல்கிறது, அதை எந்த இடத்தில் நன்றாகச் செய்கிறது, எந்த இடத்தில் தவறவிடுகிறது என்ற மூன்று வினாக்களே போதும்; ஒவ்வொரு விடைக்கும் நூலின் ஒரு பகுதியைப் பக்க எண்ணுடன் காட்ட வேண்டும். கதையின் முடிவைச் சொல்லிவிடக் கூடாது என்பதை ஒருமுறை நினைவூட்டினால் போதும்.

கருத்துக் கட்டுரையில் சிக்கல் வேறு. சா. கணேசன் 1939-இல் நிறுவிய கம்பன் கழகத்தின் ஊராகிய காரைக்குடியில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு வாதம் புதிதன்று. ஆயினும் பட்டிமன்றப் பேச்சாளர் தமக்குக் கொடுக்கப்பட்ட அணிக்காகப் பேசுகிறார். கட்டுரையாளரோ தாம் உண்மையென நம்புவதை எழுத வேண்டியவர், எழுதும்போதே தம் கருத்தை மாற்றிக்கொள்ளவும் உரிமையுடையவர். ‘பாரம்பரியம் காப்போம்’ போன்ற பரந்த தலைப்பு வெறும் முழக்கத்தையே தரும். ‘பங்காளிகள் பலருக்குப் பொதுவான பழைய வீட்டை விடுதிக்குக் குத்தகைக்கு விடலாமா?’ என்று கேட்டால், பராமரிப்புச் செலவு, எல்லாப் பங்காளிகளின் ஒப்புதல், வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) நடக்கும் குடும்பச் சடங்குகள், பிரித்து விற்கப்படும் பர்மாத் தேக்குத் தூண்கள் என்று பேசத்தக்க செய்திகள் தாமே வந்து நிற்கும். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு ஒருநாள் அழைத்துச் சென்று, விலைக்கு நிற்கும் கதவுகளையும் தூண்களையும் பார்த்துக் குறிப்பெடுக்கச் சொல்லலாம். செய்தியைச் சரிபார்க்கும் பழக்கத்தையும் இங்கேயே ஊன்றிவிட வேண்டும்: செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் (பின்னர் முன்மொழியப்படக்கூடிய இடங்களின் பட்டியலில்) சேர்க்கப்பட்டன என்பதை ‘உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன’ என்று எழுதினால் கட்டுரையின் மற்ற உண்மைகளையும் வாசகர் ஐயுறுவார்.

எதிர்க்கருத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கு வெளியே தேட வேண்டியதில்லை. இலக்கண நூலான நன்னூல் கூறும் எழுவகை மதங்களில் (நூலாசிரியர் கொள்ளும் கொள்கைகளில்) உடன்படல், மறுத்தல் என்பவற்றை அடுத்து ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவு’ வருகிறது. அதாவது மாற்றாரின் கருத்தை முதலில் ஏற்றுக் கூறி, பின்னர் அதை நீக்குவது. மாணவர் தம் எதிர்த்தரப்பை அத்தரப்பினரே ‘ஆம், இதைத்தான் சொல்கிறோம்’ என்று ஒப்பும் வகையில் ஒரு பத்தி எழுதி, அதன் பின்னரே மறுக்க வேண்டும். இதுவே மிகக் கடினமான பயிற்சி. மிகுந்த பயன் தருவதும் இதுவே. எதிர்த்தரப்பில் இருக்கும் தோழரிடம் அப்பத்தியைப் படித்துக்காட்டி, அவர் ஒப்பிய பிறகே மேலே தொடர அனுமதியுங்கள்.

திருத்துவதற்கும் நன்னூலின் பத்துக் குற்றங்கள் உதவும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சுமத்தாமல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் (சொல்லவந்ததை விட்டு வேறொன்றை விரித்துரைத்தல்), சென்று தேய்ந்து இறுதல் என்ற மூன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வலுவாகத் தொடங்கி இறுதியில் ‘விழிப்புணர்வு கொள்வோம்’ என்று தேய்ந்துபோகும் கட்டுரைகளை மாணவர்களே அடையாளம் கண்டுவிடுவார்கள். மதிப்பெண் இடும்போது, குத்தகைக்கு விடலாமா என்று கேட்ட அப்பழைய வீட்டைப் பற்றி ஆசிரியருக்கென்று ஒரு கருத்து இருப்பது இயல்பு என்றாலும், அதற்கு நேர்மாறாக எழுதிய மாணவர் தக்க சான்று காட்டியிருந்தால் அவருக்கு முழு மதிப்பெண்ணையும் தயக்கமின்றித் தர வேண்டும். ஏன் தந்தீர்கள் என்பதை இரண்டு வரிகளில் தாளின் ஓரத்திலேயே எழுதிக் கொடுங்கள்.