தியானத்தை ஸ்கேன் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலையை அசைக்கக் கூடாது, உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்பதெல்லாம் ஸ்கேனர் அறையிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். தியானம், பச்சாதாபம், 'நான்' என்ற உணர்வு ஆகியவற்றை எஃப்எம்ஆர்ஐ-யில் (மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் ஸ்கேனில்) ஆராய வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் வேறு.

மூச்சைப் பதிவு செய்யாமல் விடுவது

எத்தனை தடவை பார்த்தாலும் எரிச்சல் தீராத தவறு இது. எஃப்எம்ஆர்ஐ நரம்பணுக்களை நேரடியாகப் பார்ப்பதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதைத்தான் பார்க்கிறது. தியானத்தில் மூச்சு மெதுவாகும், ஆழமும் மாறும். அதோடு ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடும் மாறும். அது கூடினால் மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும், குறைந்தால் சுருங்கும். நரம்பணு புதிதாக எதுவும் செய்யாமலே சிக்னல் ஏறி இறங்கும்.

வம்பு என்னவென்றால், மூச்சின் ஏற்ற இறக்கம் தடம் பதிக்கும் இடங்களில் பல, டிஃபால்ட் மோட் நெட்வொர்க்கின் (சும்மா இருக்கும்போது, தன்னைப் பற்றி யோசிக்கும்போது சேர்ந்து இயங்கும் மூளைப் பகுதிகளின்) மேலேயே விழுகின்றன. ஆய்வாளர் ராஸ்மஸ் பிர்ன் குழு 2006-லேயே இதைக் காட்டிவிட்டது. தன்னைப் பற்றிய எண்ணத்தோடு முடிச்சுப் போடப்படும் பின் சிங்குலேட் என்ற மூளைப் பகுதியும் அதில் சேர்த்தி. 'தன்னுணர்வு அடங்குகிறது' என்று ஒரு மாணவர் வண்ணப் படத்தோடு வருவார். மூச்சுப் பதிவு எங்கே என்றால், மூச்சை அளக்கும் பெல்ட் கட்டவில்லை என்பார். அதில் மூளையின் பங்கு எவ்வளவு, நுரையீரலின் பங்கு எவ்வளவு என்று இனி யார் பிரிப்பது?

வயிற்றைச் சுற்றி மூச்சு பெல்ட், விரலில் பல்ஸ் சென்சார். ஸ்கேனரின் ட்ரிகரும் (ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் அது அனுப்பும் நேரக் குறியும்) அதே ஃபைலில் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நேரம் பொருந்தாது. பெல்ட் ரொம்ப இறுகினால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். தளர்ந்தால் கோடு அசையாமல் ஓடும். ஸ்கேனுக்கு முன் நாலு ஆழ்ந்த மூச்சு விடச் சொல்லித் திரையில் பார்த்துவிடுங்கள்.

அலசலில் மூச்சைக் கழித்தால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். தியானம் தொடங்கும்போதெல்லாம் மூச்சும் மாறுகிறது என்றால், மூச்சைக் கழிக்கையில் தியானமும் சேர்ந்து கழிந்துபோகும். தியானம் செய்யாமல் அதே வேகத்தில் மூச்சு மட்டும் விடும் ஒரு கட்டம் வேண்டும். அதை முதலிலேயே திட்டத்தில் சேர்க்காவிட்டால் பின்னால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

இன்சுலா ஒளிர்ந்தால் பச்சாதாபம் என்பது

2004-ல் ஆய்வாளர் டானியா சிங்கர் குழு, தன் வலிக்கும் துணைவரின் வலிக்கும் இன்சுலா என்ற மூளைப் பகுதியின் முன்பக்கம் எழுவதைக் காட்டியது. அதைத் தலைகீழாக, இன்சுலா எழுந்தாலே பச்சாதாபம் என்று, படிக்க முடியாது. அருவருப்பு, இதயத் துடிப்பைக் கவனிப்பது, கடினமான கணக்கு என எதற்கெல்லாமோ அது எழும்.

பலமுறை சோதனைக்குத் திருத்தம் செய்யாதது

மூளைப் படத்தின் ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தால், சில தற்செயலாகவே ஒளிரும். அதற்குக் கணக்கில் திருத்தம் செய்ய வேண்டும். 2009-ல் செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்களின் உணர்ச்சி என்ன என்று கேட்டார்கள். திருத்தம் செய்யாத கணக்கில் மீனின் மூளை 'வேலை செய்தது'.

குழு வித்தியாசத்தை மாற்றம் என்பது

பல ஆண்டு தியானம் செய்தவரின் மூளைப் புறணி (மூளையின் மேலடுக்கு) தடிமனாக இருந்தால், தியானம்தான் தடிமனாக்கியது என்று ஆகாது. 2022-ல் வந்த பெரிய ஆய்வொன்று, 8 வாரத் தியானப் பயிற்சி முடித்தவர்களை வேறு பயிற்சி பெற்றவர்களோடும், பயிற்சி பெறாமல் காத்திருந்த குழுவோடும் ஒப்பிட்டது. மூளை அமைப்பில் பயிற்சியால் வந்த மாற்றம் எதுவும் தெரியவில்லை.

'ஓய்வை' அடித்தளமாக வைப்பது

அனுபவசாலிகளில் பலர் சும்மா இருக்கச் சொன்னாலும் தியானத்தில்தான் இருப்பார்கள். ஒப்பிடுவதற்கு ஓய்வுக்குப் பதில் எளிய பணி ஒன்றைக் கொடுங்கள்.