பார்சல் போய்ச் சேரவில்லையா? பெங்களூரு வீட்டு வியாபாரிகள் முதல் 24 மணி நேரத்தில் செய்ய வேண்டியது

அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ வீட்டு முன்னறையில் சேலை, முறுக்கு, பருப்புப்பொடி, கவரிங் நகை என்று அடுக்கி வைத்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறவர்களுக்காக எழுதியது இது. பார்சல் கிளம்பி நாலாம் நாள் டிராக்கிங்கில் 'டெலிவரி ஆகவில்லை' என்று ஒரு வரி வரும். சரி, நாளைக்கு மறுபடி கொண்டு போவார்கள் என்று விட்டுவிடுவதுதான் புதிதாக விற்பவர்கள் செய்யும் முதல் தப்பு. கொண்டு போவார்கள்தான். அதே விலாசம், அதே போன் நம்பர், அதே பூட்டிய கதவு. புதுத் தகவல் எதுவும் சேராமல் போகிற இரண்டாம் முயற்சி முதல் முயற்சி மாதிரியே முடியும். தனியார் கூரியர்கள் பொதுவாக மூன்று தடவை முயல்வார்கள், பிறகு பார்சல் உங்களிடமே திரும்பும். ஆக உங்கள் கையில் மிச்சம் இருப்பது இரண்டு வாய்ப்பு.

கூரியர் பாஷையில் அந்த 'ஆகவில்லை' அறிக்கைக்கு என்.டி.ஆர். (நான் டெலிவரி ரிப்போர்ட்) என்று பெயர். திரும்பி வருவது ஆர்.டி.ஓ. (ரிட்டர்ன் டு ஒரிஜின்). லைசென்ஸ் ஆபீஸ் நினைவுக்கு வந்தால் தப்பில்லை, இரண்டுமே அலைச்சல்தான். செலவைப் பாருங்கள்: 600 ரூபாய் சேலை, போக 80, வர 80, பாக்கிங் 20 என்று வைத்துக்கொண்டால் திரும்பி வரும் ஒரு பார்சலுக்கு 180 ரூபாய் போச்சு. ஒரு சேலையில் 150 ரூபாய் லாபம் என்றால், அடுத்த ஆர்டரின் லாபமும் இதிலேயே கரைந்துவிடும். பெட்டி பெரிதாக இருந்தால் இன்னும் மோசம். 30 × 25 × 10 சென்டிமீட்டர் பெட்டியின் மூன்று அளவையும் பெருக்கி, பல கூரியர்கள் 5000-ஆல் வகுத்து ஒன்றரைக் கிலோ என்று கணக்கிடுவார்கள். உள்ளே 700 கிராம் சேலைதான் இருந்தாலும், போகவும் வரவும் ஒன்றரைக் கிலோவுக்குத்தான் பில்.

படி 1: காரணத்தைப் படியுங்கள், அப்படியே நம்பாதீர்கள்

கூரியர் ஆப்பிலோ, நீங்கள் ஷிப்ராக்கெட் மாதிரி பல கூரியர்களை ஒரே இடத்தில் தரும் ஒரு தளம் வழியாக அனுப்பினால் அதன் என்.டி.ஆர். பக்கத்திலோ, காரணம் இருக்கும். அதோடு நேரத்தையும் பாருங்கள். 'கஸ்டமர் வீட்டில் இல்லை' என்று இரவு 8:50-க்குப் பதிவாகி, கஸ்டமருக்கு ஒரு மிஸ்டு கால்கூட வரவில்லை என்றால், வண்டி அந்தத் தெருப் பக்கமே போகாமல் இருந்திருக்கலாம். அன்றைய கணக்கை முடிக்க மிச்சப் பார்சல்களுக்கு ஏதோ ஒரு காரணத்தைத் தட்டிவிடுவது நடக்கிறதுதான். கஸ்டமரிடம் அன்றைய கால் லிஸ்ட்டின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று கேட்டு வாங்கிவிடுங்கள், புகாரில் அதுதான் சாட்சி.

'விலாசம் முழுமையாக இல்லை' என்றால் தப்பு பெரும்பாலும் லேபிளில். 'வாங்க மறுத்தார்' என்றால் கஸ்டமரிடம் பேசாமல் எதையும் முடிவு கட்டாதீர்கள். வீட்டில் இருந்த மாமியார் 'நாங்க எதுவும் கேக்கலையே' என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

படி 2: கஸ்டமரை அன்றைக்கே பிடியுங்கள்

முதலில் போன். எடுக்கவில்லையென்றால் அவர் ஆர்டர் கொடுத்த அதே வாட்ஸ்அப் நம்பரிலிருந்து மெசேஜ். வேறு நம்பர் வேண்டாம், லிங்க் வேண்டவே வேண்டாம். 'உங்கள் பார்சல் டெலிவரி ஆகவில்லை, விலாசத்தைப் புதுப்பிக்க இங்கே அழுத்தவும்' என்று தபால் துறை பெயரில் மோசடி எஸ்.எம்.எஸ். ஊரெல்லாம் சுற்றுகிறது. உங்கள் மெசேஜ் அதே தொனியில் இருந்தால் விவரம் தெரிந்த கஸ்டமர் பிளாக் செய்துவிடுவார், அதில் தப்பும் சொல்ல முடியாது. நீங்கள்தான் என்று தெரிய, அவர் வாங்கிய பொருளைச் சொல்லுங்கள். இப்படி:

'வணக்கம் மேடம். போன வெள்ளிக்கிழமை நீங்கள் எடுத்த மாம்பழக் கலர் செட்டிநாடு காட்டன் சேலை இன்று மதியம் உங்கள் ஏரியாவுக்கு வந்து, வீடு பூட்டியிருந்தது என்று திரும்பியிருக்கிறது. நாளைக்கு எத்தனை மணிக்கு வீட்டில் ஆள் இருப்பீர்கள்? இல்லையென்றால் யாரிடம் கொடுக்கலாம்? வீட்டுக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கடை அல்லது கோயில் பெயரும் சொல்லுங்கள். இன்னொரு போன் நம்பர் இருந்தால் அனுப்புங்கள். பணம் எதுவும் கட்ட வேண்டாம்.'

நாலு விஷயம் கேட்டிருக்கிறோம்: நேரம், வாங்கும் ஆள், அடையாளம், மாற்று நம்பர். இதில் ஏதாவது இரண்டு வந்தால்கூட அடுத்த முயற்சி வேறு முயற்சி ஆகிவிடும். 'பணம் கட்ட வேண்டாம்' என்ற கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், அது பயத்தைப் போக்குகிறது.

படி 3: விலாசத்தைத் திருத்தி எழுதுங்கள்

பெங்களூரில் இதுதான் பெரிய வேலை. இங்கே விலாசம் எண்களால் ஆனது, அந்த எண்களோ ஏரியாவுக்கு ஏரியா திரும்பத் திரும்ப வரும். 2வது கிராஸ் இல்லாத ஏரியாவே கிடையாது. ஒரே ஏரியாவுக்குள்ளேயும் பிளாக் மாறினால் 2வது கிராஸ் மறுபடி வரும். கஸ்டமர் தட்டிவிடுவதோ 'கதவு எண், 2வது கிராஸ், கோரமங்களா'. எந்த பிளாக்? கோரமங்களா என்றதும் 560034 என்று போடுகிறவர்கள் உண்டு. 6வது பிளாக் தபால் நிலையத்தின் பின்கோடு 560095. பின்கோடு தப்பாக இருந்தால் பார்சல் வேறு ஹப்பில், அதாவது வேறு ஏரியாவின் கூரியர் கிடங்கில், போய் இறங்கும். அங்கிருக்கும் பையன் 'என் ஏரியா இல்லை' என்று வைத்துவிடுவான், டிராக்கிங்கில் மட்டும் 'விலாசம் கிடைக்கவில்லை' என்று வரும்.

திருத்திய விலாசத்தை இந்த வரிசையில் எழுதுங்கள்: கதவு எண், அதன் பக்கத்திலேயே பழைய எண். எத்தனையாவது மாடி. கிராஸ். மெயின் ரோடு. பிளாக் அல்லது ஸ்டேஜ். ஏரியா. பின்கோடு. கடைசி வரியில் அடையாளம்: 'பிள்ளையார் கோயிலுக்கு எதிரே, பச்சை கேட்'. கடைப் பெயரை அடையாளமாகக் கொடுத்தால் அந்தக் கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஜூஸ் கடை ஆறு மாதத்தில் மொபைல் கடை ஆகிவிடும், கோயில் நகராது.

அபார்ட்மென்ட் என்றால் டவர் பெயரும் பிளாட் எண்ணும் வேண்டும். கேட்டில் செக்யூரிட்டி ஆப்பில் வரும் அனுமதியைக் கஸ்டமர் தட்டவில்லை என்றால் டெலிவரிக்காரர் வெளியிலிருந்தே போய்விடுவார், காரணம் 'கஸ்டமர் இல்லை' என்றுதான் பதிவாகும். பி.ஜி. விடுதியில் இருப்பவர்களுக்கு அறை எண்ணோடு, பி.ஜி. எந்தக் கிராஸில் என்பதும் அவசியம், ஒரே சாமி பெயரில் ஒரே தெருவில் மூன்று பி.ஜி. இருக்கும். ஐ.டி. ஆட்களுக்குச் சனிக்கிழமை கேளுங்கள், அல்லது வாங்கி வைக்க வீட்டு ஓனர் பெயரை.

தபால் துறை 2025 மே மாதம் கொண்டுவந்த டிஜிபின், சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டத்தை எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இடக் குறியீட்டில் சொல்கிறது. சேர்த்து எழுதினால் நஷ்டமில்லை, ஆனால் தெருவில் சுற்றுகிற பையனுக்கு இப்போதைக்குப் பச்சை கேட்தான் புரியும்.

படி 4: கூரியரிடம் சொல்லுங்கள், எழுத்தில்

என்.டி.ஆர். பக்கத்தில் 'மறு முயற்சி' பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு வராதீர்கள். திருத்திய விலாசம், மாற்று நம்பர், நேரம் மூன்றையும் அங்கேயே பதியுங்கள். முதல் முயற்சி நடந்த அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலை ஹப்பில் வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால். மதியம் பதிந்தால் அன்றைய வண்டி போயிருக்கும், ஒரு நாள் வீண். சில கூரியர்களில் பதில் வராவிட்டால் பார்சல் தானாகவே திரும்பக் கிளம்பிவிடும்.

டெலிவரிக்காரர் நம்பர் கிடைத்தால் நேரடியாகப் பேசுங்கள். 'பார்சல் எல்லிதெ, சார்? இவத்து பர்த்தீரா?' (பார்சல் எங்கே இருக்கிறது, இன்றைக்கு வருவீர்களா?) என்ற அளவு கன்னடம் போதும், மிச்சம் இந்தியும் தமிழும் கலந்து ஓடிவிடும். சத்தம் போட வேண்டாம், அவர் பையில் உங்கள் பார்சல் மட்டும் இல்லை.

தபாலில் அனுப்பியிருந்தால்

2025-ல் ரெஜிஸ்டர்டு போஸ்ட் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ரசீதில் இருக்கும் 13 இட எண்ணை, அதாவது இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ஐ.என்., இந்தியா போஸ்ட் தளத்தில் போட்டால் கடைசியாகப் பார்சல் இருக்கும் ஆபீஸ் பெயர் தெரியும். கதவு பூட்டியிருந்தால் பார்சலைப் பொதுவாக ஏழு நாள் வைத்திருப்பார்கள். கஸ்டமர் அடையாள அட்டையோடு போய் வாங்கிக்கொள்ளலாம். வீட்டுப் பக்கத்துத் தபால் ஆபீஸுக்கு ஓடச் சொல்லாதீர்கள், டிராக்கிங்கின் கடைசி வரியில் எந்த ஆபீஸோ அங்கேதான் பார்சல். ஏழு நாள் தாண்டினால் அனுப்பியவருக்குத் திரும்பும். உதவிக்கு 1800 266 6868.

தொலைந்தால் ஸ்பீட் போஸ்டில் நஷ்டஈட்டு விதி இதுவரை சிறியதுதான்: கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1000 ரூபாய், எது குறைவோ அது. 4000 ரூபாய்ப் பட்டுக்கு இன்சூரன்ஸ் போடாமல் அனுப்பினால் அந்த 4000 உங்கள் தலையில். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், ரசீதைத் தொலைக்காதீர்கள்.

'டெலிவரி ஆச்சு' என்கிறது, கஸ்டமர் 'வரலை' என்கிறார்

இது கொஞ்சம் நிதானமாகக் கையாள வேண்டியது. முதலில் வீட்டில் மற்றவர்கள், பக்கத்து வீடு, செக்யூரிட்டி அறை மூன்றிலும் பார்க்கச் சொல்லுங்கள். பாதி அங்கேயே கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் கூரியரிடம் பி.ஓ.டி. கேளுங்கள், அதாவது ஒப்படைத்த சான்று: கையெழுத்து, போட்டோ, ஓ.டி.பி. பதிவு, ஒப்படைத்த இடத்தின் ஜி.பி.எஸ். இப்படிப்பட்ட புகாருக்குக் கூரியர் ஒப்பந்தத்தில் கெடு இருக்கும், அது நாள் கணக்கில்தான், மாதக் கணக்கில் அல்ல. அதனால் கஸ்டமர் சொன்ன அன்றே எழுதுங்கள்.

மெயிலில் ஏ.டபிள்யூ.பி. எண் (கூரியரின் டிராக்கிங் எண்), ஒப்படைத்ததாகச் சொல்லும் தேதி நேரம், பில், ஒட்டிய லேபிளின் போட்டோ, பாக் செய்த வீடியோ, 'எனக்கு வரவில்லை' என்று கஸ்டமர் எழுதிய ஒரு வரி. கதை வேண்டாம், கோபம் வேண்டாம். எதற்குப் பதில் வேண்டும் என்று கடைசியில் ஒரே வாக்கியம்: 'கையெழுத்தும் ஜி.பி.எஸ். இடமும் அனுப்பவும், இல்லையேல் தொலைந்ததாகப் பதியவும்'.

அதுவரை கஸ்டமரைக் காக்க வைக்கலாமா? 'கூரியர் தப்பு, எங்களிடம் கேட்காதீர்கள்' என்பது செல்லாது. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-ன்படி, சொன்ன கெடுவைத் தாண்டி வந்த பொருளை, இயற்கைச் சீற்றம் மாதிரி காரணம் இல்லாத பட்சத்தில், திரும்ப எடுக்கவோ பணம் கொடுக்கவோ விற்பவர் மறுக்க முடியாது. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூரியரோடு உங்கள் சண்டை தனி. எங்கள் கருத்து: 1000 ரூபாய்க்குள் என்றால் ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பணத்தையோ மாற்றுப் பொருளையோ கொடுத்துவிடுங்கள். பெரிய தொகை என்றால் பி.ஓ.டி. வரும் தேதியைச் சொல்லி அவகாசம் கேளுங்கள்.

சி.ஓ.டி. (பொருள் கைக்கு வந்ததும் பணம்) பார்சலை வாங்க மறுத்தால்

இன்னொரு தடவை சி.ஓ.டி.யில் அனுப்பாதீர்கள். வேண்டும் என்கிறவர் போகும் கட்டணத்தை யு.பி.ஐ.யில் முன்பணமாகக் கட்டட்டும். கட்ட மறுத்தால் ஆர்டர் உண்மையில்லை என்று அர்த்தம். நம்பரை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

திரும்பி வந்த பெட்டி

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் டேப்பைப் பாருங்கள். நீங்கள் ஒட்டிய டேப்புக்கு மேல் வேறு டேப் இருந்தால், பெட்டி நசுங்கியிருந்தால், அதை ஒப்படைப்புத் தாளிலோ ஆப்பிலோ எழுதச் சொல்லிவிட்டு வாங்குங்கள். இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்: முதலில் லேபிள் எண் தெளிவாக, பிறகு ஆறு பக்கமும், பிறகு சமையலறைத் தராசில் எடை, பிறகு கத்தரிக்கோல். சேலைக்குப் பதிலாகப் பழைய துணி வந்தால் இந்த வீடியோ இல்லாமல் யாரும் நம்ப மாட்டார்கள். முறுக்கும் பொடியும் திரும்பினால் மறுபடி விற்க வேண்டாம். எந்த ஹப்பில் எத்தனை நாள் வெயிலில் கிடந்ததோ.

ஜி.எஸ்.டி. பில் போட்டிருந்தால் அந்தத் தொகையைக் கழிக்கும் கிரெடிட் நோட் போடுங்கள், இல்லாவிட்டால் நடக்காத விற்பனைக்கு வரி கட்டுவீர்கள். அதைக் கணக்கில் காட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது, ஆடிட்டரிடம் அந்த மாதமே கொடுத்துவிடுவது நல்லது.

கடைசியாக, உங்கள் சொந்த விலாசம். லேபிளில் பெயரும் போன் நம்பரும் மட்டும் எழுதுகிறவர்கள் நிறைய. அனுப்பியவர் விலாசம் இல்லாத தபால், சேராமல் போனால் ரிட்டர்ன்ட் லெட்டர் ஆபீஸுக்குப் போய்விடும். கூரியர் கணக்கிலோ, நீங்கள் முதன்முதலில் பதிந்த பிக்கப் விலாசம் அப்படியே கிடக்கும். வாடகை ஏறியதால் மர்பி டவுனிலிருந்து பானஸ்வாடிக்கு வீடு மாறியிருப்பீர்கள், திரும்பி வருகிற பார்சல்களோ பழைய ஓனர் வீட்டு மாடிப்படியில் குவிந்துகொண்டிருக்கும். இப்போதே ஆப்பைத் திறந்து அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.