வெர்மாண்டில் உள்ளூர்ச் செய்தி: தவறவிடுவது எங்கே?

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துக்குக் குடிவந்த முதல் வருடம். எங்கள் வீட்டுக்குப் போகும் பாலத்தை ஒரு கோடை முழுக்க மூடப் போகிறார்கள் என்பது, தடுப்புப் பலகை வைத்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கோபமாக டவுன் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா ஒன்றும் பேசாமல் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைக் கைகாட்டினார். நான்கு கூட்டங்களில் பேசி முடித்த விஷயம் அது. தினமும் மூன்று செய்தித் தளங்கள் படிக்கிற ஆள் நான். ஒன்றிலும் அது வரவில்லை.

வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்ததுதான் என் தவறு. 2020 கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்தின் மக்கள்தொகை 6,43,077. தலைநகரான மான்ட்பீலியரில் சுமார் எட்டாயிரம் பேர்தான். அமெரிக்க மாநிலத் தலைநகரங்களிலேயே மிகச் சிறியது. இந்தக் கொஞ்சம் பேரும் ஏறக்குறைய 250 டவுன்களில் சிதறி வாழ்கிறார்கள். ஒவ்வொரு டவுனுக்கும் செலக்ட்போர்டு என்று ஒரு நிர்வாகக் குழு. சாலை, பாலம், பனி அள்ளுவது எல்லாம் அதன் பொறுப்பு. அத்தனை குழுக்களின் கூட்டத்துக்கும் நிருபரை அனுப்ப எந்தப் பத்திரிகைக்கும் கட்டாது. "முக்கியமானது என்றால் செய்தியில் வரும்" என்று உட்கார்ந்திருந்தால், அது முடிவெடுத்த பிறகுதான் வரும். முன்னால் வருவது அறிவிப்பு மட்டுமே.

அந்த அறிவிப்புக்குச் சட்டம் இருக்கிறது. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் டவுனின் இணையதளத்திலும், டவுன் ஆபீசிலோ அதன் அருகிலோ, வேறு இரண்டு பொது இடங்களிலும் போட வேண்டும். அந்த இரண்டு இடம் பெரும்பாலும் நூலகம், தபால் நிலையம், ஊர்க்கடை இவற்றில் ஏதாவது இருக்கும். கூட்டக் குறிப்புகள் ஐந்து நாளுக்குள் பார்வைக்கு வந்துவிட வேண்டும். பல ஊர்களில் சமூகத் தொலைக்காட்சி நிலையங்கள் கூட்டத்தை முழுதாகப் பதிவுசெய்து போடுகின்றன. இரண்டு மணி நேரம் ஜல்லியையும் சாக்கடைக் குழாயையும் பற்றிய பேச்சைப் பார்ப்பது சுவாரசியமான வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் பாலம் அதற்குள்தான் இருந்தது.

இங்கே ஒரு சொல் புதிதாக வருபவர்களைக் குழப்பும்: 'வார்னிங்'. புயலோ வெள்ளமோ என்று பயப்பட வேண்டாம். ஊர் வாக்காளர்கள் கூடி முடிவெடுக்கும் ஆண்டுக் கூட்டமான டவுன் மீட்டிங்குக்கான அதிகாரபூர்வ அறிவிப்பின் பெயரே அதுதான். மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை டவுன் மீட்டிங் நாள். வார்னிங் அதற்கு 30 முதல் 40 நாள் முன்பாக வெளியாக வேண்டும். அதில் இல்லாத எதையும் அன்று கூட்டத்தில் செல்லுபடியாகும்படி முடிவுசெய்ய முடியாது. ஒரு விஷயத்தை நீங்களே அதில் சேர்க்க விரும்பினால், வாக்காளர்களில் 5 சதவீதம் பேரின் கையெழுத்தோடு 47 நாளுக்கு முன்பே மனு கொடுத்திருக்க வேண்டும். அதாவது ஜனவரி நடுவில். பிப்ரவரி கடைசியில் செய்தியைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவருக்குப் பேச வாய்ப்பு உண்டு, பட்டியலை மாற்ற வாய்ப்பு இல்லை.

அடுத்தது, இடம் பற்றிய தவறு. நம் பழக்கத்தில் மாவட்டத்தின் பெயரைப் போட்டுத்தான் செய்தி தேடுவோம். வெர்மாண்டில் கவுன்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) பெரிய அதிகாரம் ஒன்றும் கிடையாது, எல்லாம் டவுன்தான். கவுன்டி பெயரில் தேடினால் நீதிமன்றச் செய்தியும் ஷெரீஃப் செய்தியும்தான் அதிகம் வந்து விழும்.

அப்புறம், மாநில எல்லையைச் செய்தியின் எல்லை என்று நினைப்பது. தெற்கே பென்னிங்டன், விண்டம் கவுன்டிகளுக்கு வானிலை எச்சரிக்கை கொடுப்பது வெர்மாண்டின் பெரிய நகரமான பர்லிங்டனில் உள்ள தேசிய வானிலை அலுவலகம் அல்ல. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி அலுவலகம். தொலைக்காட்சிச் சந்தைக் கணக்கிலும் பென்னிங்டன் ஆல்பனியோடு சேரும், விண்டம் பாஸ்டனோடு சேரும். கனெக்டிகட் ஆற்றங்கரை ஊர்களைப் பற்றி எழுதும் 'வேலி நியூஸ்' பத்திரிகை இயங்குவது ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூ ஹாம்ப்ஷயரை மையமாக வைத்து. விண்டம் கவுன்டியின் பிராட்டில்பரோவில் இருந்துகொண்டு பர்லிங்டன் சேனலை மட்டும் பார்ப்பவர் அடுத்த மாநிலத்துச் செய்தி பார்ப்பது போலத்தான். அங்கே 'ரிஃபார்மர்', 'தி காமன்ஸ்' என்று இரண்டு பத்திரிகைகள் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: தன் டவுன் செய்தியை மட்டும் படிப்பது. பள்ளிகளுக்குப் பணம் தரும் சொத்து வரியில் இது நன்றாகவே கடிக்கும். பள்ளி நிதியில் ஊருக்கு ஊர் ஏற்றத்தாழ்வு இருக்கக்கூடாது என்று 1997ல் மாநில உச்ச நீதிமன்றம் பிரிகாம் வழக்கில் தீர்ப்பளித்தது; அதே வருடம் வந்த 'ஆக்ட் 60' என்ற சட்டம் பள்ளிச் செலவை மாநிலம் தழுவிய நிதிக்கு மாற்றியது. உங்கள் வரி விகிதம் உங்கள் பள்ளி எவ்வளவு செலவழிக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. சட்டமன்றம் அந்த வருடம் நிர்ணயிக்கும் கணக்கு, உங்கள் டவுன் பதிவேட்டில் உள்ள வீட்டு மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளி இரண்டும் சேர்கின்றன. பக்கத்து ஊரில் வீட்டு விலை எப்படி ஏறியது, சட்டமன்றத்தில் என்ன விவாதம் என்பதெல்லாம் உங்கள் பில்லில் வந்து நிற்கும். 2024 மார்ச்சில் மாநிலத்தின் பள்ளி பட்ஜெட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றை மக்கள் ஓட்டுப்போட்டு நிராகரித்தார்கள். தன் ஊர்ப் பள்ளி வாரியத்தை மட்டும் கவனித்துவந்தவருக்கு அது திடீர் இடி. ஜனவரியிலிருந்து சட்டமன்றச் செய்திகளைத் தொடர்ந்தவருக்கு அப்படி இல்லை. இந்த வேலைக்கு 'விடி டிக்கர்' நல்லது. 2009ல் தொடங்கிய, லாப நோக்கமில்லாத தளம். படிக்கக் காசு கேட்பதில்லை. நன்கொடையில் ஓடுகிறது என்பதைப் படிக்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். நானும் இரண்டு வருடம் மறந்திருந்தேன்.

வெள்ள நேரத் தவறுகள் வேறு ரகம். 2023 ஜூலை 10, 11ல் மான்ட்பீலியர் கடைத்தெரு நீரில் மூழ்கியது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2024லும் அதே தேதிகளில் மீண்டும் வெள்ளம். இந்த முறை பிளெயின்ஃபீல்டு போன்ற ஊர்களுக்குப் பலத்த அடி. தேதி ஒன்றாக இருப்பதால் பழைய படம் புதியது போலவே தெரியும். "ஜூலை 11" என்று போட்டிருந்தால் போதாது, எந்த வருடம் என்று பார்த்துவிட்டுப் பகிருங்கள்.

2023ல் இன்னொன்று. நகருக்கு மேலே உள்ள ரைட்ஸ்வில் அணை நிரம்பிக்கொண்டிருந்தது, கலிங்கு வழியாக நீர் வெளியேறக்கூடும் என்று நகர நிர்வாகம் எச்சரித்தது. கலிங்கு பாய்வது வேறு, அணை உடைவது வேறு. ஏரிக்கரை ஊரில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்குக் குடும்பக் குழுவில் செய்தி அனுப்பும்போது அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். கடைசியில் நீர் கலிங்கு மட்டத்தை எட்டாமலே நின்றது. எச்சரிக்கையின் வாசகத்தை அப்படியே அனுப்புங்கள், உங்கள் சொல்லில் சுருக்க வேண்டாம். மாநிலத்தின் அவசர எச்சரிக்கைச் சேவையான 'விடி அலர்ட்'டில் மழைக்கு முன்பே பதிவுசெய்துகொள்ளுங்கள். 'வாட்ச்' என்றால் நடக்க வாய்ப்பிருக்கிறது, 'வார்னிங்' என்றால் நடக்கிறது அல்லது வாசலில் நிற்கிறது. ஆமாம், அதே சொல்தான். இந்த இடத்தில் பயப்படலாம்.

"எனக்கு ஓட்டே இல்லை, எனக்கெதற்கு?" என்று விசாவில் இருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். கூட்டத்தில் உட்கார்ந்து கேட்க ஓட்டு தேவையில்லை. மேலும், மான்ட்பீலியரிலும் வினூஸ்கியிலும் குடியுரிமை இல்லாத, சட்டப்படி வசிப்பவர்கள் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்க 2021லேயே வழி செய்துவிட்டார்கள். 2023ல் பர்லிங்டனும் சேர்ந்துகொண்டது. அந்த ஊர்களில் இருந்துகொண்டு இந்தச் செய்தியே தெரியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டவுன் மீட்டிங்குக்கு முன் 'டவுன் ரிப்போர்ட்' என்று ஒரு புத்தகம் வரும். கடந்த வருடம் எதற்கு எவ்வளவு செலவு, அடுத்த வருடத்துக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று எல்லாம் இருக்கும். சில ஊர்களில் வரி பாக்கி வைத்தவர்களின் பட்டியலும் உண்டு, பலர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். முதல் வருடம் அதை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டேன். பாலத்துக்கான தொகை அதிலேயே இருந்தது என்று பிறகு பக்கத்து வீட்டுக்காரர் காட்டினார்.